எதுவும் நடக்காத படம் ஏன் பிடிக்கிறது? 'அஸ்தோல்ஃபோ' பற்றிய கேள்விக்கு ஒரு பதில்

நீங்கள் எழுதியிருந்தது இதுதான்: 2022இல் வந்த 'அஸ்தோல்ஃபோ' என்ற இத்தாலியப் படத்தைப் பார்த்தீர்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் எழுபதைத் தாண்டிய வயதில் ஒரு பெண்மேல் காதல் கொள்கிறார். சண்டை இல்லை, பெரிய திருப்பம் இல்லை. ஆனாலும் கடைசிவரை சிரித்த முகத்தோடு பார்த்து முடித்தீர்கள். இது உண்மையிலேயே நல்ல படமா, அல்லது வயதானவர்களைப் பார்த்தால் நமக்கு வரும் இரக்கம்தான் அப்படித் தோன்ற வைத்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். மனைவியை இழந்து தனியாக இருக்கும் அப்பாவுக்கு இதைக் காட்டலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருந்தது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. முதுமையைக் காட்டி நம்மை உருக வைப்பது எளிது. இந்தப் படம் அந்த எளிய வழியில் போயிருந்தால் உங்கள் அப்பா அதை முதல் பத்து நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார், இல்லையா?

நல்ல படம்தான், இரக்கத்தை நம்பி எடுத்த படமாக எனக்குத் தெரியவில்லை. குறைகளும் உண்டு, அவற்றைப் பிறகு சொல்கிறேன். நான் படத்தொகுப்பில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். ஒரு திரைப்படச் சங்கத்துக்காக ஐரோப்பியப் படங்களைத் தேர்ந்தெடுத்துத் திரையிட்டு, படம் முடிந்ததும் நடக்கும் பேச்சைக் கேட்டும் பழகியவன். ஆண்டுகள், பெயர்கள், விருதுகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளக்கூடியவை. படம் ஏன் நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது என்பது என் கணிப்பு. அதை நீங்கள் ஏற்காமலும் போகலாம்.

இயக்குநர் ஜான்னி தி கிரெகோரியோவை வைத்துத் தொடங்குவதுதான் சரி, ஏனென்றால் அவருடைய எல்லாப் படங்களும் ஒரே மனிதனின் கதை என்றே சொல்லலாம், அந்த மனிதனாக நடிப்பவரும் அவரேதான். அவர் 1949இல் ரோமில் பிறந்தவர். டைபர் நதிக்கு மறுகரையில் இருக்கும் டிராஸ்தேவெரே பகுதிதான் அவர் ஊர். பல வருடம் திரைக்கதை எழுதினார். மத்தேயோ கர்ரோனேவிடம் உதவி இயக்குநராக இருந்தார். கர்ரோனேவின் 'கொமோர்ரா' 2008 கான் விழாவில் கிராண்ட் பிரி பெற்றது; நேப்பிள்ஸ் நகரின் குற்றக் கும்பல்கள் பற்றிய அந்தக் கடுமையான படத்தை எழுதிய ஆறு பேரில் இவரும் ஒருவர். அதே 2008இல்தான், 59 வயதில், தன் முதல் படத்தை எடுத்தார். அதில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. ஒரு வீடு, ஒரு மகன், நான்கு பாட்டிகள், அவ்வளவுதான். கர்ரோனேதான் அதற்குத் தயாரிப்பாளர்.

அந்த முதல் படத்தின் பெயர் 'பிரான்சோ தி ஃபெரகோஸ்தோ'. ஃபெரகோஸ்தோ என்பது ஆகஸ்ட் 15. நமக்கு அது சுதந்திர தினம், இத்தாலியில் கோடை விடுமுறையின் உச்ச நாள். பேரரசர் அகஸ்டஸ் காலத்துத் திருவிழாவில் தொடங்கி, பிறகு மாதாவின் விண்ணேற்புப் பெருநாளாகவும் ஆன நாள். ரோமில் கடைகள் மூடியிருக்கும், தெருக்கள் காலியாகிவிடும், முடிந்தவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அப்படி ஒரு நாளில், தாயோடு தனியாக வாழும் நடுவயது ஜான்னியிடம் குடியிருப்பின் நிர்வாகி வருகிறார். நீ கட்ட வேண்டிய பராமரிப்புப் பணத்தைக் கழித்துவிடுகிறேன், விடுமுறைக்கு என் அம்மாவை மட்டும் உன் வீட்டில் வைத்துக்கொள் என்கிறார். அம்மாவோடு ஒரு அத்தையும் வந்து சேர்கிறார். வைத்தியம் பார்க்க வந்த மருத்துவரும் தன் அம்மாவை அங்கேயே விட்டுப் போகிறார். இது கற்பனையில் தோன்றியது இல்லை. தன் குடியிருப்பு நிர்வாகி ஒருமுறை நிஜமாகவே இப்படிக் கேட்டதாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் தி கிரெகோரியோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனைதான் படமானது. படப்பிடிப்பும் அவர் தாயோடு வாழ்ந்த டிராஸ்தேவெரே வீட்டிலேயே நடந்தது. அம்மாவாக நடித்த வலேரியா தே ஃபிரான்சிஸ்கிஸ் அப்போது தொண்ணூறைக் கடந்தவர், அதற்கு முன் நடித்ததே இல்லை. வயதான பெண்களை வைத்து எடுக்கும் படத்துக்குப் பணம் போட ஆள் கிடைக்காமல் அந்தத் திரைக்கதை பல ஆண்டுகள் கிடந்தது. வந்த பிறகு வெனிஸ் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதும், லண்டன் விழாவில் சத்யஜித் ராய் பெயரிலான விருதும் கிடைத்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதுமையை வைத்துச் சிரிப்பு மூட்டும் படங்களில் வழக்கமாக வரும் சரக்கு நமக்கே தெரியும். கெட்ட வார்த்தை பேசும் பாட்டி, செல்போனைத் தலைகீழாகப் பிடிக்கும் தாத்தா, இளைஞர்களின் பாட்டுக்கு ஆடும் முதியோர் இல்லம். இவற்றில் வயதுதான் ஜோக். அந்த ஆளுக்கு முப்பது வயது என்று மாற்றிவிட்டால் சிரிக்க ஒன்றுமே மிஞ்சாது. தி கிரெகோரியோவின் படங்களில் சிரிப்பு வேறொரு இடத்திலிருந்து வருகிறது. அவருடைய நாயகனால் யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல முடிவதில்லை. அது வயதால் வந்த குறையும் இல்லை, சுபாவம். ஒரு அம்மாவை வைத்துக்கொள் என்றால் சரி என்பார், இரண்டாவது வந்தாலும் சரி என்பார், கையில் ஒரு கோப்பை வெள்ளை ஒயினோடு சமையலறைக்குப் போய்விடுவார். அவர் சரி என்று சொல்லச் சொல்ல வீடு நிரம்புகிறது. முப்பது வயதுக்காரனை வைத்தும் இதே கதையைச் சொல்லலாம், அப்போதும் சிரிப்பு வரும். 'அஸ்தோல்ஃபோ'விலும் இதையேதான் பார்த்தீர்கள். பேராசிரியர் அஸ்தோல்ஃபோ ரோமில் வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, மலைக் கிராமத்தில் பாழடைந்து கிடக்கும் குடும்ப மாளிகைக்கு வருகிறார். உள்ளே வேறொருவர் குடியிருக்கிறார். தன்னை ஒரு வீட்டிலிருந்து துரத்திவிட்டார்களே என்று கோபம் இருக்க வேண்டிய மனிதர், தன் வீட்டிலிருந்து அந்த ஆளைத் துரத்துவதில்லை. ஓய்வு பெற்ற ஒரு சமையல்காரர் சேர்கிறார், ஒரு இளைஞன் சேர்கிறான். காதல் பிறகுதான் வருகிறது. அதற்குள் அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் 'இந்த வயதில் காதலா' என்ற கேள்வி நமக்கு எழுவதே இல்லை. 'இவர் வாய் திறந்து சொல்லிவிடுவாரா' என்றுதான் காத்திருக்கிறோம்.

படத்தொகுப்பாளனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும், என் தொழிலில் இதற்குத்தான் நிறைய நேரம் போகும். நகைச்சுவைக் காட்சியை வெட்டும்போது முதலில் கை போவது மௌனத்தின் மேல். ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் பதில் சொல்லும்வரை இருக்கும் இடைவெளியைச் சுருக்கினால் காட்சி வேகமாகிவிடும். விநாடிக்கு 24 ஃபிரேம். அதில் ஆறு ஃபிரேம் எடுத்தால்கூட வித்தியாசம் தெரியும். இளம் நடிகர்களுக்கு இது பெரும்பாலும் சரியாக வரும். வயதானவர்கள், அதிலும் தொழில்முறை நடிகர் அல்லாதவர்கள், பதில் சொல்லும் முன் எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் அவர்களுடைய முழு மனிதரும் இருக்கிறார். கேள்வி காதில் விழுகிறது, அதை மனதில் புரட்டிப் பார்க்கிறார்கள், சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள், பிறகு வேறு எதையோ சொல்கிறார்கள். அந்த இடைவெளியை வெட்டிவிட்டால் கையில் கிடைப்பது ஒரு வசனம் மட்டும்தான். தி கிரெகோரியோ அதை விட்டு வைக்கிறார். முதல் படத்தில் அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்த வசனத்தை அப்படியே பேசாமல் தங்கள் போக்கில் பேசினார்கள் என்பது தெரிந்த விஷயம். அதைச் சரிசெய்யப் போகாமல் கேமராவைக் காத்திருக்க வைத்தார். பேசுபவரைவிடக் கேட்பவரின் முகத்துக்கு மதிப்புக் கொடுக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. பெரும்பாலும் அந்தக் கேட்கும் முகம் அவருடையதுதான். 'எதுவும் நடக்கவில்லை' என்று நீங்கள் எழுதியது சரியான கவனிப்பு. கதையில் நடப்பது குறைவுதான், ஆனால் முகங்களில் நிறைய நடக்கிறது. நீங்கள் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது அதனால்தான் என்பது என் எண்ணம்.

அடுத்தது, இந்தப் படங்கள் எல்லாம் பணத்தில்தான் தொடங்குகின்றன. முதல் படத்தில் பராமரிப்புக் கடன். 2011இல் வந்த 'ஜான்னி எ லே தொன்னே'யில் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்ட ஒருவர். சுற்றியிருக்கும் பெண்கள் தன்னை ஓர் ஆணாகப் பார்ப்பதே நின்றுவிட்டது என்று ஒரு நாள் அவருக்குப் புரிகிறது. 2014 படத்தில் ஓய்வு பெறப் போகும் நேரத்தில் சட்டம் மாறி இன்னும் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 2019இன் 'லொந்தானோ லொந்தானோ'வில் பென்ஷன் போதாமல் வேறு நாட்டுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கும் மூன்று ரோமாபுரிக் கிழவர்கள். இதெல்லாம் இத்தாலியின் நிஜம். அங்கே கிட்டத்தட்ட நான்கு பேரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். 1973இல் வந்த ஒரு சட்டப்படி, குழந்தையுள்ள திருமணமான பெண் அரசு ஊழியர் 14 ஆண்டு, 6 மாதம், 1 நாள் வேலை செய்திருந்தாலே ஓய்வூதியத்தோடு போகலாம் என்று இருந்தது. அந்தத் தாராளம் 1990களில் நின்றது. 2011இல் நிதி நெருக்கடியின்போது ஓய்வு வயதையே சட்டென்று உயர்த்தினார்கள். ஒரே தலைமுறைக்குள் இவ்வளவு மாற்றம். அந்த நாட்டுப் பார்வையாளர் இந்தக் கிழவர்களைப் பார்த்துச் சிரிக்கும்போது தன் வீட்டுக் கணக்கையும் நினைத்துத்தான் சிரிக்கிறார். அஸ்தோல்ஃபோ காதலிப்பதற்கு முன் அவருக்குத் தலைக்குமேல் ஒரு கூரை தேவைப்படுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வயதான காலத்துக் காதலில் இந்தக் கேள்விதான் முதலில் வரும். யார் வீட்டில் இருப்பது, பிள்ளைகள் என்ன சொல்வார்கள், பேரக்குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது. பல காதல் படங்கள் தொடாமல் தாண்டிப் போகும் இடம் இது.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது கதாநாயகியைத் தேர்ந்தெடுத்த விதம். ஸ்டெஃபானியாவாக வருபவர் ஸ்டெஃபானியா சாந்த்ரெல்லி. 1946இல் வியாரெஜ்ஜோவில் பிறந்தவர். இந்தப் படம் வந்தபோது 76 வயது. இத்தாலியர்கள் அவரை முதன்முதலில் கவனித்தது 1961இல், பியெத்ரோ ஜெர்மி இயக்கிய 'திவோர்ட்சியோ அல்லிதாலியானா'வில் ('இத்தாலிய பாணி விவாகரத்து' என்று பொருள்). அப்போது அவருக்கு 15 வயது. அந்தக் கதை இப்படிப் போகும்: சிசிலியில் நொடித்துப்போன ஒரு பிரபுக் குடும்பம், இடிந்துகொண்டிருக்கும் மாளிகை, அதில் மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானி நடித்த பாரன். மனைவிமேல் சலிப்பு, பதினாறு வயது உறவுக்காரப் பெண்மேல் ஆசை. அந்தப் பெண் சாந்த்ரெல்லி. இத்தாலியில் அப்போது விவாகரத்துக்கே சட்டம் கிடையாது. அது 1970இல்தான் வந்தது. ஆனால் மானத்தின் பெயரில் செய்யும் கொலைக்கு 3 முதல் 7 ஆண்டு தண்டனைதான் என்று ஒரு பிரிவு இருந்தது, 1981வரை நீடித்தது. எனவே பாரன் மனைவிக்கு ஒரு காதலனை ஏற்பாடு செய்து, பிறகு மானம் போய்விட்டது என்று அவளைக் கொன்றுவிடத் திட்டம் போடுகிறார். திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்ற படம். கூர்மையான, இரக்கமே இல்லாத நகைச்சுவை. இத்தாலிய நகைச்சுவைப் படங்களின் ஒரு முழு யுகத்துக்கே அந்தத் தலைப்பிலிருந்துதான் பெயர் வந்தது என்பார்கள்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 61 வருடம் கழித்து மறுபடியும் ஒரு நொடித்துப்போன பழைய குடும்பத்து ஆண், மறுபடியும் இடிந்துகொண்டிருக்கும் மாளிகை, மறுபடியும் அவர் மனம் போவது சாந்த்ரெல்லியின் பக்கம். ஆனால் இந்த முறை இருவரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். அவள் யாருடைய ஆசைக்கும் பரிசு இல்லை, வேண்டும் வேண்டாம் என்று தானே முடிவு செய்யும் பெண். ஆணுக்கு அவளை அடையும் திட்டம் ஏதும் இல்லை, எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்ற தயக்கம் மட்டும்தான் இருக்கிறது. இயக்குநர் இதை நினைத்துத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இது என் வாசிப்பு. ஆனால் சாந்த்ரெல்லியைச் சின்ன வயதிலிருந்து திரையில் பார்த்து வளர்ந்த ஒரு இத்தாலியப் பார்வையாளருக்கு அந்த முகம் வந்ததும் அந்த அறுபது வருடமும் கூடவே வந்துவிடும். ஜெர்மியின் அந்தப் படத்தையும் பார்த்துவிட்டு 'அஸ்தோல்ஃபோ'வை மறுபடி பாருங்கள், அவர் சிரிக்கும் இடங்களில் வேறு அர்த்தம் கிடைக்கும்.

நாயகனின் பெயரிலும் ஒரு பழைய நினைவு இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அரியோஸ்தோ எழுதிய காவியத்தில் ஆர்லாந்தோ என்ற மாவீரன் காதலால் புத்தி பேதலித்துப் போகிறான். தொலைந்த புத்தியைத் தேடி நிலவுக்கே பறந்து போய் மீட்டு வருபவன்தான் அஸ்தோல்ஃபோ. ஓய்வு பெற்ற பேராசிரியருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, குறைகள். முதலாவது, ஸ்டெஃபானியாவை நாம் பெரும்பாலும் அஸ்தோல்ஃபோவின் கண் வழியாகவே பார்க்கிறோம். தன் குடும்பத்துக்கும் இந்தப் புது உறவுக்கும் நடுவில் அவர் படும் பாடு அவர் தனியாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று படம் அதிகம் காட்டுவதில்லை. சாந்த்ரெல்லியின் நடிப்பு அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்புகிறது, எழுத்து நிரப்பவில்லை. எங்கள் சங்கத்துத் திரையிடலில் பெண்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள், நியாயமான பேச்சு. இரண்டாவது, மாளிகை. வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் எல்லா முதியவருக்கும் எங்கோ ஒரு குடும்ப மாளிகை காத்திருப்பதில்லை. 1952இல் விட்டோரியோ டி சிகா இயக்கிய 'உம்பர்ட்டோ டி' இதே புள்ளியில் தொடங்குகிறது: ஓய்வூதியம் போதாத ஒரு முதியவர், வெளியேறச் சொல்லும் வீட்டுக்காரி. அவருக்குப் போக இடமில்லை, ஒரு நாய் மட்டும் கூட இருக்கிறது. அந்த வேடத்தில் நடித்த கார்லோ பத்திஸ்தி நிஜத்தில் ஒரு மொழியியல் பேராசிரியர். அந்தப் படம் இத்தாலியை வெளியில் மோசமாகக் காட்டுகிறது என்று அப்போது அரசில் திரைப்படத் துறையைக் கவனித்துவந்த ஜூலியோ அண்ட்ரியோட்டி பகிரங்கமாகக் குறைப்பட்டார். 'அஸ்தோல்ஃபோ'மேல் எந்த அரசியல்வாதியும் அப்படிக் கோபப்பட மாட்டார். வலி வர வேண்டிய இடத்தில் படம் ஒரு மாளிகையைக் கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறது. இதை ஒரு தேவதைக் கதையின் சலுகை என்று ஏற்றுக்கொண்டால் படத்தை ரசிக்கலாம். எனக்கு ஏற்க முடிந்தது, ஏற்காதவர்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தி கிரெகோரியோவின் ரோமாபுரிப் பேச்சில் ஒரு சோம்பலும் மரியாதையும் கலந்த தொனி இருக்கிறது. சப்டைட்டில் அதை மொழிபெயர்க்காது, மொழிபெயர்க்கவும் முடியாது. சப்டைட்டிலில் 'சரி' என்று மட்டும் தெரியும் இடங்களில் அவர் குரலைக் கவனியுங்கள்.

உங்கள் அப்பாவுக்குத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் நான் என்றால் 'அஸ்தோல்ஃபோ'வில் தொடங்க மாட்டேன், 'பிரான்சோ தி ஃபெரகோஸ்தோ'வில் தொடங்குவேன். 75 நிமிடம்தான். காதல் பேச்சு மையமாக இல்லை, சாப்பாடும் அம்மாக்களும்தான் படம். தனியாக இருக்கும் அப்பாவிடம் மகனோ மகளோ ஒரு முதிய காதல் கதையை நீட்டினால், தனக்கு ஏதோ சொல்ல வருகிறார்கள் என்று அவர் உஷாராகிவிடலாம். திரையிடல்களில் இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளோடு வந்த பெரியவர்கள் இடைவேளையில் முகம் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். முதல் படம் அவருக்குப் பிடித்துவிட்டால், அதே ஆள் வயதான பிறகு எடுத்தது என்று சொல்லி இரண்டாவதைப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், நீங்கள் படத்தைப் பாருங்கள். அப்புறம், வயதானவர்களுக்கு சப்டைட்டில்தான் பெரிய தொந்தரவு. இரண்டு வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, மஞ்சள் நிறத்துக்கு மாற்றி, டிவிக்குக் கொஞ்சம் கிட்டே நாற்காலியைப் போடுங்கள். அவர் நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு டீ போடுங்கள். இந்த இரண்டு படங்களுக்கும் அந்த வேகம் பொருந்தும்.